பேத்தி காட்டிய ஊர்

என் பிள்ளை சமுத்திரம் தாண்டிப் போனது புல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்வதற்கு. இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. "ஏன் மாமி, நம்ம மாம்பலத்திலே புல் முளைக்கலையா?" என்று மாடி வீட்டு அம்மாள் ஒரு நாள் கேட்டே விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பதில் வரவில்லை.

அவன் போன ஊரின் பெயர் இன்னும் மோசம். அபெரிஸ்ட்வித்! பாங்கில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற என் கணவர், எந்தக் கணக்குக்கும் அஞ்சாதவர், இந்தப் பெயரை உச்சரிக்க ஒரு மாதம் பயிற்சி செய்தார். காலையில் பல் துலக்கும்போது ஸ்நான அறையிலிருந்து, "அபெரி... அபெரிஸ்... த்வித்!" என்று சத்தம் வரும். தும்முகிறாரோ என்று வேலைக்காரி பயந்து போனாள்.

2019 அக்டோபரில் நாங்கள் இருவரும் புறப்பட்டோம். உண்மையில் நான் போனது புல்லையும் பார்க்க அல்ல, ஊரையும் பார்க்க அல்ல. என் பேத்தியைப் பார்க்க. அவளுக்கு அப்போது ஏழு வயது. பிறந்ததிலிருந்து அவளை டெலிபோன் திரையிலேயே பார்த்துக் கொண்டிருந்தேன். "ஹலோ, க்ராண்ட்மா" என்பாள். "சாப்டியாடா கண்ணு?" என்பேன். அவள் தன் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள். மருமகள் அதை இங்கிலீஷில் மொழிபெயர்ப்பாள். "எஸ், க்ராண்ட்மா" என்று பதில் வரும். மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டு பேசுவதற்கு நான் என்ன ஐக்கிய நாடுகள் சபையா?

* * *

பர்மிங்ஹாமில் ரயில் மாறி, மேற்கே மூன்று மணி நேரம். பச்சைக் குன்றுகள், கம்பளி மூட்டைகள் போல ஆடுகள், நடுநடுவே கல் வீடுகள். கடைசியில் ஒரு நதியின் கழிமுகத்தை ஒட்டியே ரயில் ஓடியது. அபெரிஸ்ட்வித் வந்ததும் தண்டவாளமே முடிந்து போய்விட்டது. அதற்கு அப்பால் கடல்தான்.

ஸ்டேஷன் பலகைகளில் எல்லாம் இரண்டு பாஷை. ஒன்று இங்கிலீஷ். மற்றொன்று, மெய்யெழுத்துக்களைக் கூடையில் போட்டுக் குலுக்கிக் கொட்டினது போல் இருந்தது. அதுதான் வெல்ஷ் பாஷை. வழியில் சாலையிலேயே பெரிதாக ஏதோ எழுதியிருந்தது. "இது என்ன ஊர்டா? ஒரு மணி நேரத்தில் நாலு தடவை வந்துவிட்டதே!" என்றார் என் கணவர். பிள்ளை சிரித்தான். "ஊரில்லை அப்பா. 'அராவ்' என்றால் வெல்ஷில் 'மெதுவாகப் போ' என்று அர்த்தம்."

வீட்டு வாசலில் பேத்தி நின்றாள். பக்கத்து வீட்டு வயோதிக அம்மாள் ஒருத்தியும் கூட நின்றாள். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளை வெளேரென்ற தலை. குழந்தை அந்த அம்மாளின் கையைப் பிடித்து இழுத்து ஏதோ கடகடவென்று சொன்னாள். அந்த அம்மாளும் கடகடவென்று பதில் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"இது என்னடா பேச்சு?" என்றேன் பிள்ளையிடம்.

"வெல்ஷ் அம்மா. அவள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடமும் வெல்ஷில்தான். அந்தப் பாட்டியிடம் தினமும் பேசிப் பேசி நன்றாக வந்துவிட்டது. அவர்களை 'மம்கீ' என்று கூப்பிடுகிறாள்."

"அப்படியென்றால்?"

அவன் ஒரு நிமிஷம் தயங்கினான். "பாட்டி என்று அர்த்தம்."

ஐயாயிரம் மைல் தாண்டி வந்திருக்கிறேன். என் பேத்தி பாட்டி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறாள். என்னை அல்ல. எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

* * *

பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் விடுமுறை. பிள்ளைக்கும் மருமகளுக்கும் வேலை. ஆகவே ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பைப் பேத்தி ஏற்றுக்கொண்டாள். நான் ஒரு ஒப்பந்தம் போட்டேன். எந்த இடத்துக்குப் போனாலும் அவள் எனக்கு ஒரு வெல்ஷ் வார்த்தை சொல்லித் தர வேண்டும். நான் அவளுக்கு ஒரு தமிழ் வார்த்தை சொல்லித் தருவேன். குழந்தைக்கு வியாபாரம் பிடித்துவிட்டது. கை குலுக்கினோம். இதெல்லாம் இங்கிலீஷில்தான் நடந்தது என்று சொல்லத் தேவையில்லை.

முதலில் கடற்கரை. வளைந்த கரை, கருஞ்சாம்பல் நிறத்தில் மணலும் கூழாங்கல்லும், கரையை ஒட்டி அகலமான நடைபாதை, அதன் ஓரத்தில் வர்ணம் பூசிய உயரமான வீடுகள். குழந்தை கடலைக் காட்டி, "மோர்!" என்றாள்.

"என்னது?"

"மோர்! வெல்ஷில் கடலுக்கு மோர்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்கள் ஊரில் மோர் என்றால் தயிரைக் கடைந்து, பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுக் குடிப்பது என்று விளக்கினேன். அவளுக்கு அதைவிடச் சிரிப்பு. அந்த வாரம் முழுவதும் சாப்பாட்டு மேஜையில், "கொஞ்சம் கடல் ஊற்றுங்கள்" என்பதுதான் வேடிக்கை. இப்படியாக அவள் கற்ற முதல் தமிழ் வார்த்தை 'மோர்', இரண்டாவது 'கடல்'.

கரையின் தென்கோடியில், கடலுக்குள் நீட்டிய பாறை மேல், இடிந்த கோட்டை. இங்கிலீஷ் அரசன் முதலாம் எட்வர்ட், வேல்ஸை அடக்கி வைப்பதற்காக 1277-ல் கட்டத் தொடங்கியது. 1404-ல் ஓவைன் கிளின்டூர் என்ற வெல்ஷ் வீரன் கலகம் செய்து அதைப் பிடித்தான். நாலு வருஷம் அவன் கொடி பறந்தது. 1408-ல் இங்கிலாந்தின் இளவரசன் ஹென்றி பீரங்கிகளோடு வந்து முற்றுகையிட்டு மீட்டுக் கொண்டான். 1637-ல் இந்தக் கோட்டைக்குள்ளேயே ஒரு நாணயச்சாலை நடந்திருக்கிறது. சுற்று வட்டாரச் சுரங்கங்களில் கிடைத்த வெள்ளியை இங்கேயே காசாக அடித்தார்களாம். இதைப் படித்ததும் என் கணவர் கோட்டையை மரியாதையுடன் பார்க்க ஆரம்பித்தார். உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1649-ல் பார்லிமெண்ட் படை வெடி வைத்துத் தகர்த்தது. மிச்சக் கல்லை ஊர் ஜனங்கள் வீடு கட்ட எடுத்துப் போனார்கள். அரசர்கள் சண்டை போட்டது எதற்கோ. கடைசியில் பிரயோஜனப்பட்டது யாருடைய சமையலறைச் சுவருக்கோ!

கோட்டைக்கு அருகிலேயே ஒரு பிரம்மாண்டமான கட்டடம். கூம்பும் கோபுரமுமாகக் கதையில் வரும் அரண்மனை போல் இருந்தது. அதன் கதையை என் கணவர் மூன்று தடவை திருப்பித் திருப்பிச் சொன்னார், அவ்வளவு ரசித்தார். 1864-ல் இந்த ஊருக்கு ரயில் வந்தது. ரயில் போட்டவர்களில் ஒருவரான தாமஸ் ஸேவின், லண்டனிலிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து குவிவார்கள் என்று எண்ணி, கடலோரத்தில் ஆடம்பர ஹோட்டல் கட்டினார். சுமார் 80,000 பவுன் கொட்டினார். கட்டி முடிப்பதற்குள் திவால்! பாதியில் நின்ற அந்த ஹோட்டலை 1867-ல் வெறும் 10,000 பவுனுக்கு விலைக்கு வாங்கினார்கள் சிலர். எதற்காகத் தெரியுமா? வேல்ஸில் ஒரு சர்வகலாசாலை வைப்பதற்கு!

"பாங்க்காரன் கடன் கொடுக்கும்போது இதையெல்லாம் யோசிக்க வேண்டும்" என்றார் இவர். எனக்கு மனசில் பதிந்தது வேறு. 1872-ல் 26 மாணவர்களோடு கல்லூரி ஆரம்பமாகியது. முதல் சில வருஷங்களில் சர்க்காரிடமிருந்து காலணா கிடையாது. 1875-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமையை 'சர்வகலாசாலை ஞாயிறு' என்று வைத்து, வேல்ஸ் முழுவதும் பிரார்த்தனைக் கூடங்களில் உண்டி வசூல் செய்தார்கள். சுரங்கத் தொழிலாளியும், கல் உடைப்பவனும், ஏழைக் குடியானவனும் பென்னி பென்னியாகப் போட்டார்கள். தாங்கள் வாசற்படி கூட மிதிக்காத கல்லூரிக்கு! 1885-ல் பெரிய தீ விபத்து நேர்ந்து கட்டடத்தின் ஒரு பகுதி அழிந்தது. மூன்று பேர் உயிரிழந்தார்கள். அப்போதும் கல்லூரியை மூடவில்லை.

1884-லேயே பெண்களைச் சேர்த்துக் கொண்டார்கள். கடற்கரையின் வடகோடியில் அலெக்ஸாண்ட்ரா ஹால் என்று பெண்களுக்கென்றே விடுதி கட்டி, 1896-ல் வேல்ஸ் இளவரசியே வந்து திறந்து வைத்தார். எங்கெங்கிருந்தோ பெண்கள் வந்து படித்தார்கள். தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவிலிருந்து 1922-ல் இங்கே வந்த ஐரிஸ் டி ஃப்ரைடாஸ் என்ற பெண், பின்னால் கரீபியன் பிரதேசத்தின் முதல் பெண் வக்கீல் என்று பெயர் பெற்றார்.

அந்த விடுதிக்குப் பக்கத்தில் கடற்கரை நடைபாதை முடிகிறது. அங்கே ஓர் இரும்புக் கம்பி வேலி. உலாவ வருகிறவர்கள் அத்தனை பேரும், பெரிய மனிதர்கள் உட்பட, அந்தக் கம்பியைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம். பெண்கள் விடுதி ஜன்னல் திறக்காதா என்று காத்து நின்ற வாலிபர்கள் உதைத்து உதைத்து வந்த வழக்கம் என்பது ஒரு கதை. என் கணவரும் கம்பீரமாகப் போய் உதைத்தார். அன்று ராத்திரி கட்டை விரலுக்குத் தைலம் தடவியது நான்.

* * *

அந்த இடத்திலேயே மலை ஏறும் ரயில். பழனியில் விஞ்சு இருக்கிறதே, அதே ஜாதி. 1896 ஆகஸ்ட் முதல் தேதி ஓடத் தொடங்கியது. ஆரம்பத்தில் தண்ணீர்தான் சக்தி: மேலே நிற்கும் வண்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்பினால், கனம் தாங்காமல் அது கீழே இறங்கும், இறங்கும்போது கயிற்றின் மறு முனையில் உள்ள வண்டி மேலே ஏறும். நம் ஊர் ஏற்றத்தைத் திருப்பிப் போட்ட தத்துவம். 1921-லிருந்து மின்சாரம். 778 அடி நீளப் பாதை, நடக்கிற வேகம்தான். பெட்டி முழுக்கப் படிக்கட்டு போல் ஆசனங்கள். உச்சியில் ஓர் இருட்டு அறை. கூரையில் பொருத்திய 14 அங்குல லென்ஸ், ஊரையும் கடலையும் அப்படியே வெள்ளைத் தட்டின் மேல் இறக்கிக் காட்டுகிறது. 1985-ல் அமைத்ததாம். தட்டின் மேல் ஒரு தபால் வண்டி எறும்பு போல் ஊர்ந்தது. குழந்தை அதை உள்ளங்கையில் ஏந்திப் பிடித்துக் கொண்டாள்.

அங்கிருந்து பார்த்தால் கார்டிகன் விரிகுடா முழுவதும் தெரியும். அதற்கு அடியில் ஒரு ராஜ்யமே முழுகிக் கிடக்கிறது என்றாள் பேத்தி. மதகுக் காவல்காரன் ஒரு நாள் விருந்தில் நன்றாகக் குடித்துவிட்டுக் கதவைச் சாத்த மறந்தானாம். ஒரே இரவில் கடல் புகுந்து ஊர்களை விழுங்கிவிட்டதாம். அமைதியான நாளில் காது கொடுத்தால் கடலுக்குள் மணி அடிப்பது கேட்குமாம். கதை என்று தள்ளிவிட முடியவில்லை. வடக்கே போர்த் என்ற இடத்தில், தண்ணீர் வற்றும்போது மணலில் மர அடிக்கட்டைகள் நூற்றுக்கணக்கில் தலை காட்டுகின்றன. நாலாயிரத்தைந்நூறு வருஷங்களுக்கு மேற்பட்ட காடு! 2014 ஜனவரியில் பெரும் புயல் அடித்து இந்த ஊர்க் கடற்கரையையே கலக்கி, நடைபாதை ஓரத்திலிருந்த பழைய நிழல் மண்டபத்தையும் சரித்தது. அதே புயல்கள் போர்த்தில் மணலை வாரிக் கொண்டு போக, முன்னைவிட அதிகமாகக் கட்டைகள் வெளியே தெரிந்தன.

சின்ன ரயில் ஒன்றும் உண்டு. 1902-ல் ஆரம்பித்தது. பொம்மை போன்ற நீராவி எஞ்சின், ரைடோல் பள்ளத்தாக்கை ஒட்டிப் புகை விட்டுக்கொண்டு கிட்டத்தட்ட பன்னிரண்டு மைல் மலை ஏறிச் சைத்தான் பாலத்துக்குப் போகிறது. அங்கே ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று பாலங்கள்: அடியில் இருப்பது மிகப் பழசு, நடுவில் 1753-ல் கட்டியது, மேலே 1901-ல் போட்ட இரும்புப் பாலம். அடிப் பாலத்தைக் கட்டியது சைத்தானாம். ஒரு கிழவியின் பசு அக்கரைக்குப் போய்விட்டது. "பாலம் கட்டித் தருகிறேன். ஆனால் முதலில் தாண்டும் உயிர் எனக்கு" என்றான் சைத்தான். கிழவி சம்மதித்தாள். பாலம் ஆனதும் ஒரு ரொட்டித் துண்டை அக்கரைக்கு வீசினாள். அவள் நாய் பாய்ந்து ஓடியது! சைத்தான் வெட்கிப் போய் அப்புறம் அந்தப் பக்கமே தலை காட்டவில்லை.

"பாட்டிமார்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது" என்றார் என் கணவர், என்னைப் பார்த்துக்கொண்டே.

* * *

வார நடுவில் ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மாள் தேநீருக்குக் கூப்பிட்டாள். உலர்ந்த திராட்சை போட்ட ரொட்டியும் வெண்ணெயும் வைத்தாள். நல்ல மனுஷி. எனக்குத்தான் உள்ளுக்குள் 'மம்கீ' உறுத்திக்கொண்டிருந்தது.

"இந்தக் குழந்தை படிக்கிற பள்ளிக்கூடம் எப்படி வந்தது தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். 1939. யுத்தம் மூண்டதும், குண்டு விழும் என்று பயந்து லிவர்பூல் போன்ற இடங்களிலிருந்து குழந்தைகளை இங்கே அனுப்பி வைத்தார்கள். ஊர்ப் பள்ளிகளில் இங்கிலீஷ் பேசும் குழந்தைகள் நிரம்பி விட்டார்கள். இருக்கிற கொஞ்சம் வெல்ஷும் அமுங்கிப் போய்விடுமே என்று ஸர் இவான் அப் ஓவென் எட்வர்ட்ஸ் என்ற பெரியவர் கவலைப்பட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் வெல்ஷிலேயே கற்பிக்கும் ஆரம்பப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். வேல்ஸிலேயே அதுதான் முதல். மொத்தம் 7 குழந்தைகள். ஆசிரியை நோரா ஐசக்குக்கு இருபத்தைந்து வயது கூட நிரம்பவில்லை. அந்த ஏழு பேர் பெருகித்தான் இன்று நாடெங்கும் நூற்றுக்கணக்கான பள்ளிகள்.

"ஏன் அப்படிப் பாடுபட வேண்டியிருந்தது? வீட்டில் பேசினால் போதாதா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் எழுந்து போய்க் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தாள். "எங்கள் பாட்டிகள் காலத்துச் சமாசாரம் ஒன்று சொல்கிறேன்" என்றாள். போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில், வேல்ஸின் பல பள்ளிக்கூடங்களில் ஒரு சின்ன மரப் பலகை இருந்ததாம். வெல்ஷில் பேசிவிட்ட குழந்தையின் கழுத்தில் அதைக் கயிறு கட்டி மாட்டுவார்கள். அந்தக் குழந்தை, வெல்ஷ் பேசும் வேறொரு குழந்தையைக் கண்டுபிடித்துக் காட்டிக் கொடுத்தால் பலகை அங்கே மாறும். இப்படிக் கழுத்து மாறி மாறி, சாயங்காலம் மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ, அந்தக் குழந்தைக்குப் பிரம்படி.

"அடப் பாவமே! சர்க்கார் உத்தரவா?" என்றேன்.

"அதுதான் இல்லை. அப்படி ஒரு சட்டமே கிடையாது. வாத்தியார்களாகச் செய்தது. பெற்றோர்களும் அதற்குச் சம்மதம். 'எங்கள் பிள்ளைக்கு இங்கிலீஷ் வர வேண்டும், நல்ல வேலை கிடைக்க வேண்டும், வீட்டுப் பாஷை எங்கே போய்விடப் போகிறது' என்று நினைத்தார்கள். பிள்ளைகள் மேல் ஆசையினால்தான் செய்தார்கள். அதுதான் துக்கம்."

நான் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். ஏனென்றால் எனக்கு ஒரு டப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அது ஒரு காலி ஹார்லிக்ஸ் டப்பா. என் பிள்ளையை ஒரு பெரிய கான்வெண்டில் சேர்த்த வருஷம், "வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள், இல்லாவிட்டால் பின்தங்கி விடுவான்" என்று சொல்லி அனுப்பினார்கள். நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு ஹாலில் வைத்தேன். தமிழில் பேசினால் நாலணா அபராதம், அவனுடைய கைக்காசிலிருந்து. ராத்திரி, பாதித் தூக்கத்தில், "அம்மா, தண்ணி" என்று கேட்டால் கூட மறு நாள் காலையில் ஒரு நாலணா. அந்த டப்பாவை நான் எல்லோரிடமும் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். அவன் வகுப்பில் இங்கிலீஷில் முதலாக வந்தான். அதையும் காட்டினேன்.

பலகையைக் கழுத்தில் மாட்டவில்லை, பிரம்பால் அடிக்கவில்லை. ஆனாலும் அன்று அந்த ரொட்டி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

* * *

மறு நாள் பேத்தி, "பொண்ட்!" என்று சொல்லி ஒரு பாலத்துக்கு அழைத்துப் போனாள். "பாலம்" என்றேன் நான். ஊருக்குத் தெற்கே ரைடோல் நதியின் மேல் ட்ரெவெஹன் பாலம். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. காரும் பஸ்ஸும் போகிற சாதாரணக் கல் பாலம். ஆனால் 1963 பிப்ரவரி 2-ந் தேதி, பனி படிந்த ஒரு சனிக்கிழமை, இளைஞர்களும் யுவதிகளும் கூட்டமாக வந்து அதன் நடு ரோட்டில் உட்கார்ந்து போக்குவரத்தையே நிறுத்தி விட்டார்கள். அதற்கு முந்தின வருஷம் ஒரு மாணவர் சைக்கிளில் ஆள் ஏற்றிப் போனதற்காகக் கோர்ட்டு சம்மன் வந்தது. "என் பாஷையில் சம்மன் கொடுங்கள்" என்றார் அவர். கொடுக்கவில்லை. அதே வருஷத்தில் ஸாண்டர்ஸ் லூயிஸ் என்ற எழுத்தாளர் ரேடியோவில், இப்படியே போனால் வெல்ஷ் பாஷை அழிந்துவிடும் என்று எச்சரித்துப் பேசியிருந்தார். இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பாலத்து மறியல். கைதாக வேண்டும் என்றே போனார்கள். போலீஸார் கைது செய்யவில்லை! ஆனால் விதை ஊன்றியாகிவிட்டது. 1967-லும் 1993-லும் சட்டங்கள் வந்தன. 2011-ல் வெல்ஷுக்கு வேல்ஸில் உத்தியோக மொழி அந்தஸ்து கிடைத்தது. ஆனாலும் பயம் தீர்ந்துவிடவில்லை. 1911-ல் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் வெல்ஷ் பேசினார்கள். 2021 கணக்கெடுப்பில் 17.8 பேர்தான், சுமார் 5,38,000 பேர்.

பிறகு குன்றின் மேல் உள்ள தேசிய நூலகத்துக்குப் போனோம். 1907-ல் ராஜ சாஸனம் பெற்றது. அரச குடும்பத்துக்கு வைத்தியராக இருந்த ஸர் ஜான் வில்லியம்ஸ், "நூலகத்தை அபெரிஸ்ட்வித்தில் வைத்தால் என் ஏடுகளையெல்லாம் தருகிறேன்" என்றாராம்; தந்தார். வெல்ஷிலேயே முழுக்க எழுதப்பட்டு இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய ஏடு, 1250 வாக்கில் எழுதிய 'கார்மார்தன் கருப்புப் புத்தகம்', இங்கேதான் இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தில் குன்றுப் பாறையைக் குடைந்து சுரங்கம் அமைத்து, லண்டன் மியூசியத்துப் பொக்கிஷங்களைக் கூட இங்கே ஒளித்துக் காப்பாற்றினார்கள்.

நூலகத்துக்கு வெல்ஷில் என்ன என்று கேட்டேன். குழந்தை சொன்னாள். அதில் ஒரு எழுத்து வருகிறது. 'ல' சொல்வதற்கு நாக்கை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல், இரண்டு பக்கமும் காற்றை ஊத வேண்டும். நான் ஊதினேன். நூலகத்துச் சேவகர் திரும்பிப் பார்த்தார். "இல்லை க்ராண்ட்மா, தப்பு" என்று குழந்தை குதித்தாள். "சரி, நீ இதைச் சொல்லு பார்க்கலாம்: வாழைப்பழம்" என்றேன். "வாளைப்பளம்" என்றாள். "இல்லை, தப்பு!" இரண்டு பேரும் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் 'ழ'வும் ஊதலுமாகப் போராடினோம்.

அங்கே இன்னொரு ஏடும் உண்டு. 'ரதெர்க்கின் வெள்ளைப் புத்தகம்'. 1350 வாக்கில் எழுதியது. அதில் பிரான்வென் என்ற பெண்ணின் கதை வருகிறது. பெண்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. வேல்ஸ் ராஜகுமாரியை அயர்லாந்து அரசனுக்குக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். பிறந்த வீட்டார் மேல் இருந்த ஒரு வன்மத்துக்காக, புகுந்த வீட்டில் அவளைச் சமையல்காரியாக்கினார்கள். தினமும் கசாப்புக்காரன் வந்து அவள் கன்னத்தில் அறைவான். ஊருக்குச் செய்தி போகாதபடி கப்பல்களையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். அவள் என்ன செய்தாள்? மாவு பிசையும் தொட்டியின் ஓரத்தில் ஒரு ஸ்டார்லிங் குருவிக் குஞ்சை வளர்த்தாள். நம் மைனாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை அது. மூன்று வருஷம் அதற்குப் பேச்சுச் சொல்லிக் கொடுத்தாள். கடைசியில் சிறகில் கடிதத்தைக் கட்டிப் பறக்க விட்டாள். அது கடலைத் தாண்டிப் போய் அவளுடைய அண்ணன் தோளில் உட்கார்ந்தது.

மூன்று வருஷம், மாவு பிசைந்த கையோடு! எனக்கு ஒரு வாரத்தில் முடியுமா?

* * *

அன்று சாயங்காலம் பிள்ளையும் வந்து சேர்ந்துகொண்டான். எல்லோரும் கடற்பாலத்துக்குப் போனோம். இந்த ஊருக்கு 1865-ல் வந்த இரும்புக் கடற்பாலம். மறு வருஷமே புயல் அதன் நுனியைப் பறித்துக்கொண்டது. 1938-லும் ஒரு பெரும் துண்டு போயிற்று. இப்போது மிஞ்சியிருப்பது கட்டைதான். மெரினாவில் சூரியன் கடலிலிருந்து உதிக்கும். இங்கே கடலில் இறங்குகிறது. இறங்கும் நேரத்தில் வடக்கிலிருந்து கறுப்பாக ஒரு மேகம் வந்தது. மேகம் அல்ல, குருவிகள். அதே ஸ்டார்லிங் குருவிகள், ஆயிரம் ஆயிரமாக! ஆகாயத்தில் சுருண்டன, விரிந்தன, புடைவையை உதறினது போல் ஒரு வீச்சு, அப்படியே சரசரவென்று பாலத்தின் அடியில் இரும்புக் கம்பிகளுக்குள் அடைந்தன. இலையுதிர் காலத்திலும் குளிர் காலத்திலும் தினமும் இப்படித்தானாம். அப்புறம் உள்ளே ஒரே பேச்சு. லட்சம் பெண்டுகள் சேர்ந்த கல்யாண வீடு மாதிரி.

அந்தச் சத்தத்தில் நான் பிள்ளையிடம் கேட்டேன்: "ஏண்டா, அந்த டப்பா உனக்கு ஞாபகம் இருக்கா?"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஞாபகம் இருக்கும்மா. 17 ரூபாய் சேர்ந்தது. அதிலே எனக்கு டிக்ஷனரி வாங்கிக் குடுத்தே."

"அறுபத்தெட்டு நாலணா" என்றார் என் கணவர், கணக்கு மறக்காமல்.

"தப்புப் பண்ணிட்டேண்டா" என்றேன்.

அவன் சிறிது நேரம் பேசவில்லை. "நீ நல்லதுக்குத்தானே செய்தே. ஆனா ஒண்ணும்மா, இவள் பிறந்தப்போ தூளியிலே போட்டு ஏதாவது பேசணும்னு வாயைத் திறந்தேன். இங்கிலீஷ்தான் வந்தது. தமிழ் பேசினா யாரோ பின்னாலே நின்னு டப்பாவைக் குலுக்கற மாதிரி இருந்தது" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. காற்றில் கண் கரித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குத் திரும்புகிற அன்று, என் கணவரை அனுப்பி 68 பென்னிக் காசு மாற்றி வரச் சொன்னேன். ஒரு பிஸ்கோத்து டப்பாவில் போட்டுப் பேத்தி கையில் கொடுத்தேன். "இது உன் அப்பா கட்டின அபராதம். நீ ஒவ்வொரு தடவை தமிழில் பேசும்போதும் ஒரு காசு எடுத்துக்கொள்ளலாம்" என்றேன். பென்னி பென்னியாகச் சேர்த்து ஒரு சர்வகலாசாலையையே கட்டின ஊரில், இது பெரிய காரியமா?

பிள்ளை டப்பாவைப் பார்த்தான். "அசல் மட்டுந்தானாம்மா? வட்டி?" என்றான், தமிழில்.

பேத்தி முதல் காசை ரயிலடியிலேயே சம்பாதித்தாள். ரயில் நகரும்போது, அடுத்த வீட்டு அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி! வாழைப்பழம்!" என்று கத்தினாள். 'ழ' சரியாகவே இருந்தது. அர்த்தம் எப்படி இருந்தால் என்ன!

அதற்கடுத்த வருஷம் உலகமே கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்ததே, அப்போது எங்களுக்கு வேறு வேலை இல்லை. தினமும் சாயங்காலம் திரையில் ஒரு மணி நேரம். நான் அப்பளம் இட்டுக்கொண்டே பேசுவேன். அவள் கேட்டுக்கொண்டே படம் வரைவாள். 68 காசும் ஒரே மாதத்தில் காலி. இப்போது அவள் என்னைவிட உயரம். தமிழில் சண்டை கூடப் போடுகிறாள். எனக்குத்தான் அந்த ஊதுகிற எழுத்து இன்னும் வரவில்லை.

பிள்ளை கேட்ட வட்டியை, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.